காண்டவ வனத்தின் கடன்



மகாபாரதத்தில் காண்டவ வனம் எரிந்த கதை நமக்குத் தெரியும். பசி என்று வந்த அக்னி பகவான் அந்தக் காட்டையே உணவாகக் கேட்டார். தீயை அணைக்க இந்திரன் மழை பொழிந்தான். அர்ஜுனன் அம்புகளாலேயே கூரை போட்டு மழையைத் தடுத்தான். தப்பி ஓடிய உயிர்களில் மிகச் சிலவே பிழைத்தன. பாண்டவர்களுக்குக் காண்டீபம் கிடைத்தது, மயன் கட்டிய மண்டபமும் கிடைத்தது. எல்லாம் லாபம் மாதிரிதான் தெரிந்தது.

ஆனா, கணக்கு அங்கே முடியலை. அந்தத் தீயில் தட்சகன் என்ற நாகராஜன் தன் மனைவியை இழந்தான். பல வருஷம் கழித்து, முனிவர் மகனின் சாபம் பலித்த நாளில், அர்ஜுனனின் பேரன் பரீட்சித்தைத் தீண்டியவன் அதே தட்சகன்தான். எரித்தவர் தாத்தா, விலை கொடுத்தவர் பேரன்.

நம்ம மலாக்காவைப் பாருங்கள். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டார். நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. பிறகு தோட்டங்கள் பெருகின, காடு சுருங்கியது. நம் பாட்டன்மார் அங்கே கூலிக்கு உழைத்தவர்கள். காட்டை அழிக்க உத்தரவு போட்டவர்கள் அல்ல. 1991-இல் மழை பொய்த்து டுரியான் துங்கால் அணை வறண்டது. அப்போது பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இன்றும் ஜொகூரின் மூவார் ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம்.

வறட்சி இயற்கைதான். ஆனால் சிவில் இன்ஜினியரிங் வகுப்பில் நான் படித்தது இது: காடு இருந்தால் மழைநீர் மண்ணில் இறங்கி, மெல்ல ஊறி ஓடைக்கு வரும். மரம் போனால் அதே மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அணையின் அடியில் சேறு படியும், கொள்ளளவு குறையும்.

காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு இன்னும் பெரிய அடி. சரவாக்கின் பாராம் பகுதியில் வெட்டுமரத் தொழில் நுழைந்தபோது ஆறு கலங்கியது, மீனும் வேட்டையும் குறைந்தன. 1987-இல் பெனான் மக்கள் மரலாரி போகும் சாலைகளின் குறுக்கே நின்றார்கள். அதே ஆண்டு, அந்தச் சாலைகளை மறிப்பது குற்றம் என்று சட்டம் திருத்தப்பட்டது. வீட்டை இழந்தவனே குற்றவாளி ஆனான்!

பாரதம் இன்னொருவரையும் நமக்குக் காட்டுகிறது. தந்தையின் சாவுக்குப் பழிவாங்க, ஜனமேஜயன் சர்ப்ப யாகம் நடத்தினான். அதை நிறுத்தியவன் ஆஸ்திகன் என்ற இளைஞன். கையில் வில் இல்லை. சபைக்குள் போனான், அரசன் வரம் தருகிறேன் என்றதும், பொன்னும் பொருளும் வேண்டாம், யாகத்தை நிறுத்துங்கள் என்று கேட்டான்.

நாளைக்கு நம்மில் சிலர் இன்ஜினியராக, சர்வேயராக, அதிகாரியாகத் திட்டங்களில் கையெழுத்து போடுவோம். அன்றைக்கு, “இந்தக் காட்டை நம்பி யார் இருக்காங்க? இந்த ஓடை எந்த அணைக்குப் போகுது?” என்று கேட்கணும். பதில் வரும்வரை பேனாவை எடுக்கக் கூடாது. அதுவும் தர்மம்தான். கேட்கும் தைரியத்தை இறைவன் நமக்குத் தரட்டும்.