கேட்டால் சொல்லியிருப்பேன்

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை நிற்கிறது. 1872-ஆம் ஆண்டிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. மோசடி என்றால் என்ன என்று விளக்குகிற 17-ஆம் பிரிவின் அடியில் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அது குறையுள்ள குதிரை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். பொய் சொன்னால் மோசடி. சும்மா இருந்தால் மோசடி ஆகாது.

சட்டம் எழுதியவர்கள் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். அவர்களுக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. அதே குதிரையை இன்னும் இரண்டு தடவை விற்றுப் பார்க்கிறார்கள். வாங்குகிறவள் விற்கிறவனுடைய சொந்த மகள், அப்போதுதான் வயது வந்தவள் என்றால், குறையைச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே உறவே அவனைப் பேசச் சொல்கிறது. வாங்குகிறவன், “நீர் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லி, அதற்கும் விற்கிறவன் மௌனம் சாதித்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடும். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீல் தொழில் செய்த ராஜாஜி இந்தக் குதிரையைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது.

குதிரை போய்விட்டது. அந்த இடத்தில் இன்று டிராக்டர் நிற்கிறது.

ஓசூர் என்றால் இப்போது எல்லோருக்கும் தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது. 1980-களிலிருந்து லாரியும், மொபெட்டும், கைக்கடிகாரமும் அங்கே உற்பத்தியாகி ஊர் ஊராகப் போயின. ஆனால் சிப்காட் மதில்களைத் தாண்டித் தளி வழியாகவோ, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிப் பக்கமோ போனால் பூமி வேறுவிதமாகிவிடும். தரை மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும். கேழ்வரகு, கொள்ளு, அவரை. கிருஷ்ணகிரியை நெருங்க நெருங்க மாந்தோப்பு. மேட்டில் ஒரு ஏக்கர், சரிவில் ஒரு ஏக்கர், பள்ளத்தில் அரை ஏக்கர் என்று ஒரே குடும்பத்துக்கு மூன்று தினுசு நிலம் இருக்கும். பையன் ஷிப்டு வேலைக்குப் போகிறான். எருது வைத்துப் பராமரிக்க வீட்டில் ஆள் இல்லை. பெரிய டிராக்டர் அந்தக் குறுகிய வரப்புகளுக்குள் திரும்பாது. ஆகவே இருபது குதிரைச் சக்தி சுமாருக்கு ஒரு சின்ன டிராக்டர், அதுவும் பழையதாக, கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தால் போதும் என்று தேடுகிறார்கள்.

தேடினால் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் கிடைக்கிறது. ஆனேக்கல்லிலும் மாலூரிலும் வீட்டுமனையாகிப் போன நிலங்களின் டிராக்டர்கள் வெயிலில் நிற்கின்றன. என் தங்கையின் கணவர் அப்படி ஒன்றைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இயந்திரம் தெரியும் என்பதற்காக அல்ல. இன்னொரு வாய் கூட இருந்தால் பேரத்துக்கு நல்லது என்பதற்காக.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். டிராக்டருக்கும் இந்த சாஸ்திரம் உண்டு. கூட வந்த மெக்கானிக் முதலில் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஒரு தடவை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலைக் குளிரில் அது எப்படிக் கிளம்பும் என்பதை நம் கண்ணுக்குக் காட்ட விருப்பமில்லை என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்னால் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு இயந்திரத்தை அணைத்தார். கலப்பை உடனே இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் தேய்ந்துவிட்டது. இங்கே இறங்கவில்லை. மணிக்கணக்கு காட்டும் மீட்டரை மட்டும் அவர் திரும்பியே பார்க்கவில்லை. “அது என்ன வேணும்னாலும் சொல்லும் சார்” என்றார். மிதிகட்டையின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே அவருக்கு மீட்டர்.

கன்னட எழுத்துப் பலகை கொண்ட அந்த வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர அங்கேயுள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்ததற்கு ஒரு தாள் வேண்டும். காகிதங்களை எல்லாம் அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒழுங்காக வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், தெருவில் போன ஆளிடம் கன்னடம் என்று பேசினார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார். பேரம் ஆரம்பமாகிற சமயத்தில், பேச்சுவாக்கில், “நிலம் எப்பிடி அண்ணா, சமமா?” என்று கேட்டார்.

“சமம் எங்கே? தேன்கனிக்கோட்டைக்கு அந்தாண்டை. ஏத்தமும் இறக்கமுந்தான்” என்றார் என் தங்கை கணவர்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா ஒண்ணு சொல்லணும். எடது பிரேக் சரியாப் பிடிக்காது. சீல் போய் எண்ணெய் லைனிங்குல எறங்குது. எனக்கு ஏரிக்குக் கீழ நிலம், சமம், பிரேக்கே வேண்டியதில்லை. உங்களுக்கு அப்படி இல்ல” என்றார்.

இதன் பொருள் டிராக்டர் ஓட்டாதவர்களுக்கு விளங்காது. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு: இடப் பின்சக்கரத்துக்கு ஒன்று, வலப் பின்சக்கரத்துக்கு ஒன்று. உழும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து நின்ற இடத்தில் திருப்பலாம். சாலையில் போகும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்துவிடவேண்டும். சரிவில் இறங்கும்போது இரண்டையும் சேர்த்து மிதிக்கிறோம். வலது பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை. வண்டி நிற்பதில்லை, பக்கவாட்டில் சுழல்கிறது. சரிவில் பக்கவாட்டில் சுழல்கிற டிராக்டர் அப்புறம் செய்வது ஒன்றுதான். ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் பாதுகாப்பு வளைவு இருந்து, இடுப்பில் பெல்ட்டும் போட்டிருந்தால் ஆள் பிழைக்கலாம். ஸ்வீடன் தேசத்தில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கெல்லாம் அந்த வளைவு கட்டாயம் என்று செய்துவிட்டார்கள். நம் பக்கத்தில் அது இருந்தாலும் மாங்கிளை இடிக்கிறது என்று கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிடுகிறார்கள்.

மெக்கானிக் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது இந்தக் குறை தெரியவில்லை. சமதரையில், மெதுவாகப் போகும் வண்டியில் தெரியவும் தெரியாது.

அந்த மனிதரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். “எங்கள் நிலமும் சமம் என்றால் சொல்லியிருப்பீர்களா?”

“கேட்டால் சொல்லியிருப்பேன்” என்றார்.

அந்த நாலு வார்த்தை வேண்டாம், இரண்டே வார்த்தை, என்னைப் பல நாள் விடவில்லை. இந்த வழக்கு மிகப் பழையது. ரோமாபுரி சிசரோ கி.மு. 44-இல், ஆதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விசாரிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி அலெக்ஸாண்டிரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொல்லவேண்டுமா? டயோஜெனிஸ் என்ற அறிஞர், சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், மனிதர் யாவரும் ஒரே கூட்டம். உனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியவேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். பிறருக்குத் தெரிந்தால் நன்மை என்று அறிந்தும் உன் லாபத்துக்காக அவர்கள் அறியாமல் இருக்க விரும்பினால், அதற்குப் பெயர் மறைப்பதுதான் என்பது அவர் தீர்ப்பு.

என் ஓசூர்ப் பக்கத்து மனிதர் இரண்டு அறிஞருக்கும் நடுவில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் நஷ்டமாகிற குறையானால் அவர் டயோஜெனிஸ், கேட்டால்தான் சொல்வார். உயிர் நஷ்டமாகிற குறையானால் ஆன்டிபேட்டர், கேட்காமலே சொல்கிறார். இது கோணலா? நான் அப்படி நினைக்கவில்லை. பிரேக் ஒன்றுதான், ஆனால் ஏரிக்குக் கீழே அது பழுது, குன்றின் மேல் அது குழி. வாங்குகிறவன் நிலத்தைக் கேட்டு அறியாமல் எது குறை என்றே விற்கிறவனால் முடிவு செய்ய முடியாது. அதனால் எனக்கு அவருடைய பதிலைவிட அவருடைய கேள்விதான் பெரிதாகப் படுகிறது. மௌனமாக விற்க நினைக்கிறவன் வாங்குகிறவனின் நிலத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டான். தெரிந்துகொண்டால் சொல்ல நேருமே!

1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்கிறவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் அது அந்தச் சரக்கை விற்பதே தொழிலானவருக்கு. தன் ஒரே டிராக்டரை விற்கிற குடியானவரை அது தொடுவதில்லை. அவரைத் தொடக்கூடியது அந்தக் குதிரைக் கதையில் வருகிற மகள் மட்டுந்தான்.

அந்த மகளைத்தான் நான் நம் பக்கத்துப் பேச்சில் தேடுகிறேன். சந்தையில் நாம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணே, தம்பி, மாமா, அக்கா. “அண்ணா” என்பது அந்த எல்லைப் பகுதியில் தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் பொதுச் சொத்து. மூன்றிலும் கூடப்பிறந்த மூத்தவன்தான். பேரத்துக்குத் தடவுகிற வெண்ணெய் அது என்று கெட்டிக்காரர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மகளுக்குச் சொல்லவேண்டியதை அந்நியனுக்குச் சொல்லவேண்டாம் என்கிற சட்டம், அந்நியன் என்று கூப்பிடவே சொல் இல்லாத சந்தையில் கொஞ்சம் திண்டாடத்தான் செய்யும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் வியாபாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. குறையை விற்கிறவன் மட்டும் அறிவான் என்றால், வாங்குகிறவன் எல்லா வண்டியும் சொத்தைதான் என்று பயந்து விலையைக் குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்கமாட்டான், வீட்டுக்குப் போய்விடுவான். சந்தையில் சொத்தை மட்டும் மிஞ்சும். படித்தபோது பொய்யர்களால் சந்தை கெடுகிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டேன். அன்று இன்னொன்றும் பார்த்தேன்.

குறையைக் கேட்டதும் என் தங்கை கணவரின் முகம் மாறியது. வருத்தத்தால் அல்ல; பிடி கிடைத்த சந்தோஷத்தால். சீல், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து ஆறு, ஏழாயிரம் ஆகும் என்று மெக்கானிக் தனியாக எங்களிடம் சொன்னார். என் தங்கை கணவர், பிரேக் இல்லாத வண்டியை எவன் வாங்குவான் என்று குரலை உயர்த்தி, இருபத்தையாயிரம் குறைத்துவிட்டார். வங்கித் தவணைக்கு அந்த மனிதருக்கு அந்த வாரமே பணம் வேண்டியிருந்தது. அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் வாங்குகிறவனின் மௌனத்துக்கென்று ஒரு குதிரை கட்டப்படவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் இதைச் சொன்னேன். “மாப்பிள்ளை, ஏழாயிரம் குறைச்சிருந்தா நியாயம். மீதிப் பதினெட்டாயிரம் எதுக்கு? அவர் உண்மை சொன்னதுக்கு அபராதமா?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்றது சரிதான் மச்சான். ஆனா அவர் சொல்லலேன்னா நான் அதைக் குறைச்சிருக்கமாட்டேன். செத்துப் போயிருப்பேன்” என்றார்.

அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஃபோனை எடுத்தார். முன்பணம் பத்தாயிரம் கொடுத்தாயிற்று. பாக்கியை வியாழக்கிழமை காகிதம் மாற்றும்போது தருவதாகப் பேச்சு. பாக்கியில் எட்டாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பதினெட்டு ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. எதிர்முனையில் அந்த மனிதர், “எதுக்கு அண்ணா?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. அதற்கு அவர் சரியான பதில் சொல்லத் தெரியாமல், டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.