ஒற்றனுக்கு எந்தக் கத்தி?

ஒற்றன் கதையொன்று எழுதப் புகுந்த இளந்தோழர் ஒருவர், தாம் படைக்கும் ஒற்றனின் இடுப்பில் எந்தக் கத்தியைச் செருகுவது என்று நம்மைக் கேட்டார். கத்திக்கு ஒரு கட்டுரையா என நகைப்போர் நகைக்கட்டும். கேள்வி சிறிது, அதன் அடியில் கிடப்பது பெரிது.

அவர் உள்ளம் நாடியது ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்தியை. ஷாங்காய் நகரக் காவல் துறையில் பணியாற்றிய இருவர் வகுத்த படைக்கலம் அது. பிரான்சு வீழ்ந்து, இட்லரின் படை கடலுக்கு அப்பால் காத்து நின்ற நாட்களில் உருவாகி, 1941இல் வில்கின்சன் வாள் பட்டறையிலிருந்து கமாண்டோ வீரர்களின் கைக்கு வந்தது. ஏறத்தாழ 7 அங்குல அலகு, இருபுறமும் கூர், ஊசியென ஒடுங்கும் நுனி. விறகு சீவ உதவாது, பெட்டி நெம்ப உதவாது. மனிதனைக் குத்துவதற்கென்றே பிறந்தது! ஃபேர்பேர்ன் 1942இல் வெளியிட்ட நூலில் ஓர் அட்டவணை உண்டு: இந்த இரத்தக்குழாய் அறுந்தால் இத்தனை நொடியில் நினைவு தப்பும், இத்தனை நொடியில் உயிர் போகும் என்று. புகைவண்டி நேரக் குறிப்பைப் போல அச்சிட்டிருந்தார்கள். பகுத்தறிவு என்பது கணக்குப் போடுவது மட்டுந்தான் என்று எண்ணுவோர் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

ஒற்றனுக்கு அது பொருந்துமா? பொருந்தாது. சோதனையில் அகப்பட்டால், அவன் யார் என்பதை வாய் திறவாமலே சொல்லிவிடும் கத்தி அது. குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் முழுவதும் தேடினாலும் படைக்கலம் ஒன்றின் பெயர் இல்லை. ஐயுறாத தோற்றமும், அஞ்சாத கண்ணும், கேட்டறியும் செவியுமே அங்கே கருவிகள். போர்க்காலத்தில் நாசவேலைக்குச் சென்றோருக்கு மறைத்து வைக்கும் சிறு கத்திகள் செய்து தந்ததும் உண்மையே. எனினும் உளவறியச் செல்பவனுக்கு, பழம் நறுக்கும் பேனாக்கத்தியே போதும். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் விடை சொல்லலாம்.

ஆனால் கதை உலகம் இதை ஏற்பதில்லை. போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றிய இயான் ஃபிளெமிங், 1957இல் வந்த கதையில் ஜேம்ஸ் பாண்டின் கைப்பெட்டிக்குள் வில்கின்சன் செய்த தட்டைக் கத்திகளை ஒளித்து வைத்தார். பாண்டின் கைத்துப்பாக்கி பெண்டிருக்கே ஏற்றது என்று பூத்ராய்டு என்னும் வாசகர் 1956இல் மடல் தீட்டினார். அடுத்து வந்த கதையில் துப்பாக்கி மாறியது. 1958இல் பால் ஜான்சன் என்னும் எழுத்தாளர், கதையில் மண்டிய கொடுமையையே கண்டித்தார். கருவி பற்றிய திருத்தம் எளிதில் நுழைந்தது. கண்டனத்திற்குப் பின்னும் பாண்டு கொன்றுகொண்டேதான் இருந்தான். ஃபிளெமிங்குக்கும் நீதி வழங்குவோம்: 1959இல் வந்த கதையின் தொடக்கத்தில், தான் கொன்ற ஒருவனை எண்ணி பாண்டு மனம் புழுங்குவதையும் அவரே எழுதினார்.

அப்படியாயின் நம்மை உறுத்துவது எது? 1940இல் காரணம் முன்னே வந்தது. கத்தி பின்னே வந்தது. ஆதிக்க வெறியன் வாயிலில் நின்றான், ஆகவே கத்தி அடித்தார்கள். கதையிலோ கத்தி முன்னே வந்துவிடுகிறது. அழகான அலகைத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு, அது பாய ஒரு மார்பு வேண்டுமே! அதைத் தேடி, அவனுக்குக் கோரமுகம் கொடுத்து, அயலான் என்று பெயர் சூட்டி, சாகத் தகுந்தவனாக்குகிறான் ஆசிரியன். படிப்பவன் கைதட்டுகிறான். யாரும் குருதி சிந்தவில்லை, மெய்தான். ஆயினும் சாவுக்குரியவனைக் காரணம் கேளாமல் ஏற்கும் பழக்கம் எங்கே பழகுகிறது?

பேனாக்கத்தியைக் கொடும் என்றோம் தோழரிடம். அவர் முகம் வாடியது. "ஏழாம் அத்தியாயத்தில் காவற்காரன் வருகிறானே, அவனை என்ன செய்வது?" என்றார்.

அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீரா என்று கேட்டோம். இல்லை என்றார்.