குரலுக்குச் சாட்சி எது?

பாடுகிறவர் தம் குரலின் தரத்தைத் தாமே கேட்டு முடிவு செய்ய இயலுமா? செவியை மட்டும் நம்பினால் இயலாது. நம் குரல் பிறரைக் காற்றின் வழியாகவே அடைகிறது. நமக்கோ அது மண்டை எலும்பின் வழியாகவும் வந்து சேர்கிறது. கீழ்த்தொனிகள் மிகுந்து, இருப்பதைவிடக் கனமாக ஒலிக்கிறது. ஒலிப்பதிவில் தம் குரலை முதன்முறை கேட்பவர், 'இது நானா?' என்று திகைப்பது இதனால்தான். நம் செவி நமக்குச் சற்று வேண்டியவர்!

ஆகவே முன்னோர் உடலையும் சாட்சிக்கு அழைத்தனர். உடலின் அக்னி தூண்ட எழும் வாயு மார்பில் மந்த்ரமாகவும், கண்டத்தில் மத்தியமாகவும், சிரத்தில் தாரமாகவும் ஒலிக்கிறது என்பது பாணினீய சிக்ஷையின் கருத்து. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவரும் 'சங்கீத ரத்னாகர'த்தில் இவ்வாறே மூன்று ஸ்தானங்களைக் கூறினார்.

திருமலையப்பன் மீது அன்னமாசார்யர் (1408–1503) பாடிய சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. அவற்றில் சாகித்யம் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது. அவர் குரல் எப்படி ஒலித்தது என்பதை எந்த உளியால் பொறிக்க முடியும்? அது உடலிலிருந்து உடலுக்கே செல்ல வேண்டியது. சித்தூர்ப் பகுதியின் புங்கனூரில் 1898-இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்றார். மதுரை சோமு இவரிடம் பயின்றார். சீடருக்குத் தொண்டை வேறு, எலும்பு வேறு. குருவின் குரலை நகல் எடுக்க முடியாது. குரு, 'இதோ, இதுதான்!' என்று சொல்லும் கணத்தில் தன் உடல் எப்படி இருந்தது என்பதைச் சீடன் குறித்துக்கொள்கிறான். மறுநாள் விடியற்காலையில் தனியே அமர்ந்து அதைத் தேடுகிறான்.

மந்த்ர ஸ்தாயியில் மார்பில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியும். மேலே செல்லச் செல்ல அது கன்ன எலும்புகளில் உணரப்படும். 'ஆ' என்று அகாரத்தில் நின்று மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கின் வழியே கசிகிறது என்று பொருள். ஒரு மணி நேரம் பாடியபின் தொண்டை வலித்தால், எங்கோ இறுக்கம் இருக்கிறது.

ஆனால் அதிர்வு ஓர் அடையாளமே. அதையே துரத்துகிறவர் தொண்டையை அழுத்தத் தொடங்கிவிடுவார். 'எனக்கு நன்றாக உணர்கிறது' என்பது மட்டும் எப்படிப் பிரமாணமாகும்? அனுபவத்தோடு சுருதியும் யுக்தியும் பொருந்த வேண்டும் என்று வேதாந்தம் கேட்கிறதல்லவா? வேதத்திற்கும் தம்புராவின் ஆதார ஒலிக்கும் சுருதி என்று ஒரே பெயர் அமைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சுருதியிலிருந்து குரல் இம்மியளவு விலகினாலும் இரண்டிற்குமிடையே ஓர் அலைவு எழும். அதைச் செவிக்கு முன்பே உடல் உணர்ந்துவிடுவதும் உண்டு. குரல் மெல்ல நெருங்க, அலைவு தளர்ந்து நிற்கிறது. அப்போது பாடுகிறவருக்குத் தம் குரல் தனியே கேட்பதில்லை. தம்புரா மட்டுமே கேட்கிறது.