தொண்டனுக்கு எல்லை எது?

ஆலைக்குள் அடியெடுத்து வைத்தறியாத ஒருவன், ஆலையில் உழைப்பவனின் உரிமைக்காகக் குரல் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்கிறோம் நாம். கொடுத்தே தீரவேண்டும் என்றும் கூறுவோம். ஆனால் அந்தக் குரல் எதுவரை செல்லலாம், எந்த இடத்தில் அடங்கவேண்டும் என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கொடி பிடிக்கிறோம், முழக்கமிடுகிறோம், உண்டியல் குலுக்குகிறோம், உள்ளம் பூரிக்கிறோம். பூரிப்பு நல்லதுதான், பொறுப்பு அதனினும் நல்லது.

"வெளியாள்!" தொண்டனுக்கு முதலாளி உலகம் சூட்டிய பெயர் இது. "எங்கள் தொழிலாளர்கள் தங்கமானவர்கள். வெளியாட்கள் புகுந்து அவர்கள் மனத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது நூறாண்டுப் பழைய பல்லவி. நாம் கேட்கிறோம்: நிருவாகத்துக்காக வாதாட வருகிறாரே வழக்கறிஞர், அவர் எந்தத் தறியில் நின்றவர்? ஆதாயக் கணக்கைச் சரிபார்க்க வருகிறாரே தணிக்கையாளர், அவர் எந்த மூட்டையைச் சுமந்தவர்? பணம் அழைத்தால் வெளியாள் அறிஞர். பரிவு அழைத்தால் வெளியாள் கலகக்காரர்! இது எந்த ஊர் நீதி?

வரலாறும் நம் பக்கம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்நின்ற வ.உ.சிதம்பரனார் வழக்கறிஞர், சுப்பிரமணிய சிவா மேடைப் பேச்சாளர். இருவரும் நூல் நூற்றுப் பிழைத்தவர்கள் அல்லர். ஊரே தொழிலாளர் பக்கம் திரண்டது. எதிரணிக்குப் பரிந்து பேசியவரின் முகம் மழிக்க மறுத்தார் முடிதிருத்துவோர். மார்ச்சுத் தொடக்கத்தில் நிருவாகம் இறங்கிவந்தது, ஊதியம் உயர்ந்தது, விடுமுறை கிடைத்தது. வெளியாள் என்ற ஏளனத்துக்குத் தூத்துக்குடி தந்த விடை அது.

பத்தாண்டு கழித்துப் பெரம்பூரைப் பாருங்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் துயரை முதலில் செவிமடுத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும். இருவரும் வணிகர்கள். அவர்கள் நடத்திய சமயக் கூட்டத்துக்கு வந்த தொழிலாளர்கள், நண்பகல் உணவுக்குக் கிடைக்கும் அரைமணி போதவில்லை என்றும், மேலாளரின் கொடுமை தாங்கவில்லை என்றும் முறையிட்டனர். பக்தி கேட்க வந்தவர்கள் பசியைப் பேசினார்கள்! அந்தப் பேச்சிலிருந்துதான் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைமை ஏற்றவர் பி.பி.வாடியா. துணைநின்றவர், தமிழாசிரியராக இருந்து இதழாசிரியரான திரு.வி.க. வணிகரும் ஆசிரியரும் எழுத்தாளரும் இல்லையேல், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அந்நாளில் எழுந்திருக்குமா?

ஆகவே தொண்டன் வேண்டும். அதில் ஐயமில்லை. எல்லை எது என்பதே நம் கேள்வி.

ஒரு தராசை மனத்தில் நிறுத்துவோம். ஒரு தட்டில் தொண்டன். மறு தட்டில் தொழிலாளி. வேலைநிறுத்தம் முப்பது நாள் நீள்கிறது. தொண்டன் இழந்தது என்ன? முப்பது மாலைப் பொழுதுகள். மிஞ்சிப்போனால் சில இரவுத் தூக்கம். தொழிலாளி இழந்தது என்ன? ஒரு மாத ஊதியம், மளிகைக் கடைக்காரரின் நம்பிக்கை, மனைவியின் காதணி, மகனின் பள்ளிக் கட்டணம். போராட்டம் தோற்றால் தொண்டனுக்கு அது அனுபவம். தொழிலாளிக்கு அது வேலைநீக்க ஆணை! இரண்டும் ஒரே எடை என்று எவனாவது சொன்னால், அவன் தராசைப் பார்க்கவில்லை; தன் நிழலைப் பார்த்து மகிழ்கிறான்.

இங்கேதான் எல்லைக்கோடு தெரிகிறது. ஒரு முடிவின் விலையை எவன் கொடுக்கிறானோ, அந்த முடிவும் அவனுடையது. வேலைநிறுத்தம் செய்வதா, வேண்டாமா. உடன்பாட்டை ஏற்பதா, மறுப்பதா. இவற்றில் கையுயர்த்தும் உரிமை பட்டினி கிடக்கப்போகிறவனுக்கே உண்டு. தொண்டன் பேசலாம், விளக்கலாம், வாதாடலாம், எச்சரிக்கலாம். கை உயரும் வேளையில் அவன் கை கீழேயே இருக்கவேண்டும்.

இந்த எல்லையை மறந்தால் வரும் கேட்டையும் பெரம்பூரே காட்டியது. 1920-ஆம் ஆண்டுக் கதவடைப்பின்போது பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இறுதியில், வாடியா சங்கத் தொடர்பை விட்டு விலகுவது என்ற நிலையில்தான் வழக்குத் தீர்ந்தது. ஒருவரைப் பிடித்து இழுத்தால் கூரையே ஆடும் வண்ணம் வீடு கட்டலாமா? அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாகவே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க நிருவாகிகளில் பாதிப் பேராவது அத்தொழிலில் உழைப்பவராக இருக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம், அமைப்புசார்ந்த தொழில்களில் வெளியாட்களை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குள் அடக்கியது. சட்டம் எண்ணிக்கையால் எல்லை வகுத்தது. அறமோ எண்ணிக்கையைக் கேட்பதில்லை. முடிவு யாருடையது என்றே கேட்கிறது.

"தொழிலாளியின் முடிவு தவறாக இருந்தாலுமா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முறையான கேள்விதான். 1921-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். அதே பெரம்பூர் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நீண்டது. சாதி இந்துக்கள் ஒருபுறமும் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மறுபுறமுமாகப் பிளவு விழுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, தொழிலாளியின் குருதியைத் தொழிலாளியே சிந்தவைத்தான். வேலைநிறுத்தம் தோற்றது. வேலைக்குத் திரும்பியவனைத் துரோகி என்று ஏசுவது எளிது. சேரியில் வாழ்ந்தவனை நேற்றுவரை எட்டி நிற்கச் சொன்ன ஊர், இன்று மட்டும் "தோழனே, தோள் கொடு" என்று அழைத்தால், எந்த நம்பிக்கையில் அவன் வருவான்?

தொண்டன் வாய்மூடி இருக்கக்கூடாத இடம் இதுதான். முடிவு தொழிலாளியுடையது, உண்மையை உரைக்கும் கடமை நம்முடையது. பெரும்பான்மை என்பதற்காகச் சாதித் திமிருக்குத் தலையாட்டுபவன் தொண்டன் அல்லன், கூலியில்லாத எடுபிடி. "உன் சங்கத்தில் அவன் சமமாக உட்காருகிறானா? பெண் தொழிலாளியின் பேச்சு ஏட்டில் ஏறுகிறதா?" என்று முகத்துக்கு நேரே கேட்கவேண்டும். கைதட்டல் கிடைக்காது, கேட்கத்தான் வேண்டும். ஏனெனில், விலை கொடுப்பவன் முடிவெடுக்கவேண்டும் என்ற நெறி, விலை கொடுக்கும் ஒவ்வொருவனுக்கும் பொருந்தும். ஊர்த் தெருவுக்கு மட்டும் உரியதன்று.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவிலும் இந்தப் பிளவு இருந்தது. திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினியர் வேலைநிறுத்தம் செய்தால் மெக்சிகர்களை இறக்குவார்கள். மெக்சிகர் செய்தால் பிலிப்பினியரை இறக்குவார்கள். 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் தெலானோ என்னும் ஊரில், லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினியர்கள் வேலையை நிறுத்தினர். அவர்களோடு சேருவதா என்று முடிவுசெய்ய, சீசர் சாவேசின் சங்கத்து மெக்சிகத் தொழிலாளர்கள் எட்டே நாளில் கூடினர். தாங்களே வாக்களித்துச் சேர்ந்தனர். மாணவரும் மதகுருமாரும் இல்லத்தரசியரும் தொண்டர்களாக வந்தனர். முழுநேரத் தொண்டனுக்கு உணவும் உறைவிடமும், கைச்செலவுக்கு வாரம் 5 டாலரும்! நகரந்தோறும் கடைவாயிலில் நின்று, "இந்தத் திராட்சையை வாங்காதீர்" என்று அவர்கள் வேண்டினர். 1970-இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தொண்டர்கள் நாடெங்கும் துணைநின்றார்கள்; போரைத் தொடங்கியவர்கள் தோட்டத்தில் உழைத்தவர்கள்.

நம் நாட்டிலும் இது பழங்கதையாகிவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. சங்கம் வைக்கும் உரிமைக்கே இத்தனை நாள் பட்டினி என்றால், தொண்டருக்கு வேலை தீர்ந்துவிட்டது என்று யார் சொல்வார்?

என்ன வேலை? இளைஞர்களே, மேடை ஏறுவது அதில் சிறு பகுதி. வாயிற்கூட்டத்துக்கு முதல் நாள் துண்டறிக்கை கொடுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு, வைப்புநிதிக்குச் சென்றது எவ்வளவு என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். சந்தாக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். நாமே எழுதிக்கொடுத்தால் அடுத்த ஆண்டும் நாமே எழுத நேரும். வேலைநிறுத்தம் வந்தால் அரிசியும் பருப்பும் திரட்டுங்கள். திரட்டியதைப் பிச்சை போலப் போடாதீர்கள்; சங்கத்தின் கையில் ஒப்படையுங்கள், பங்கிடுவது அவர்கள் பொறுப்பு. பள்ளியில் பாடம் சொல்லும் நாம் அறிந்த ஓர் உண்மை உண்டு: மாணவனுக்குப் பதிலாகத் தேர்வு எழுதிக்கொடுக்கும் ஆசிரியன் நல்லாசிரியன் அல்லன்.

இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது. தோழமை தோளோடு தோள் நின்று பார்க்கிறது. இரங்குபவனுக்கு ஏழை என்றும் ஏழையாகவே இருக்கவேண்டும். இல்லையேல் அவன் இரங்குவதற்கு ஆளில்லை. தோழனுக்கோ, "இனி நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று தொழிலாளி சொல்லும் நாளே திருநாள். அந்தச் சொல்லைக் கேட்டு எவன் முகம் மலர்கிறதோ, அவனே தொண்டன். எவன் முகம் வாடுகிறதோ, அவன் ஆலை வாயிலுக்குத் தொண்டாற்ற வரவில்லை. தலைமை தேடி வந்தவன்.