உடைமையும் உரிமையும்: கையடக்க இசைக்கருவி எழுப்பும் அறவினா

ஒரு பொருள் ஒருவருக்கு உரியது என்னும் கூற்று அன்றாட வழக்கில் ஐயத்துக்கு இடமளிக்காத எளிய கூற்றாகவே தோன்றுகின்றது. விலை கொடுத்தோ கொடையாகவோ பெறப்பட்டமை, கையில் இருத்தல், வேண்டும்போது பயன்படுதல் ஆகிய மூன்று தன்மைகளும் ஒருங்கமையுமிடத்து அப்பொருளை அவருடையது என உலகம் ஏற்றுக்கொள்கின்றது. இம்மூன்றும் அமைந்திருந்தும் ஒரு பொருள் அதனை வைத்திருப்பவருக்கு முற்றும் உரியதாகாது போதல் கூடுமா என்பது மெய்யியலார் எழுப்பத்தக்க வினா. கடந்த அரைநூற்றாண்டில் கையடக்க இசைக்கருவிகள் அடைந்த மாற்றங்கள் இவ்வினாவை நூலகத்தின் ஏடுகளிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துள்ளன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த ஒலிநாடாப் பேழையும், சொனி நிறுவனம் 1979 ஜூலையில் விற்பனைக்கு விட்ட வோக்மன் கருவியும் இசையை மனிதனோடு கூடவே நடக்கச் செய்தன. ஒலிநாடாவின் இயல்பு ஈண்டு நோக்கற்பாலது. அதன் உள்ளமைப்பு எவரும் கண்ணாற் காணத்தக்கது. நாடா தளர்ந்தால் ஒரு பென்சிலைப் பற்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றிவிடலாம், அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வட இலங்கையின் பட்டினங்களில் 'றெக்கோடிங் பார்' என வழங்கிய ஒலிப்பதிவு நிலையங்களிலே வெறும் நாடாவையும் வேண்டிய பாடல்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டுச் சென்றால், சில நாள்களின் பின் விரும்பிய வரிசையிலேயே பாடல்கள் கிடைத்தன. அந்நாடாவை ஒருவர் மற்றொருவருக்கு இரவல் கொடுக்கலாம், படியெடுக்கலாம், அழித்து வேறொன்றைப் பதியலாம். இவற்றுள் எதற்கும் எந்த இயந்திரமும் அனுமதி கேட்டதில்லை.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள உயிலங்குளத்தை இவ்வாய்வுக்கு உரிய களமாகக் கொள்ளலாம். மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் நெடுஞ்சாலையில், முருங்கனைக் கடந்தபின் எதிர்ப்படும் இவ்வூர், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய நெல்வயல்களால் சூழப்பட்டது. பழைய மாதோட்டத்தின் பகுதியாகிய இப்பிரதேசம் கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்கும் வாசாப்புக்கும் பேர்போனது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு எனக் கூத்திசையிலேயே இருவகை கண்ட மக்களுக்கு, ஓர் இரவில் நிகழ்ந்து மறையும் பாடலைப் பிடித்துவைக்கும் ஒலிநாடா வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக இருந்திருக்க இயலாது. அண்ணாவியாரின் குரல், மணவீட்டு வாழ்த்து, இழவுவீட்டு ஒப்பாரி ஆகியவற்றைச் சினிமாப் பாடல்களோடு ஒரே பெட்டியில் அடக்கிவைக்க அது வழிசெய்தது.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் உலர் மின்கலங்களும் அடங்கின. மின்சாரமும் இல்லை, மின்கலமும் இல்லை என்னும் நிலையில் வடபகுதி மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னோட்டத்தால் வானொலியையும் ஒலிநாடாக் கருவியையும் இயக்கினர். சுற்றுபவரின் கை தளர்ந்தால் நாடாவும் தளரும், பாட்டும் இழுபடும். ஆயினும் பாட்டு ஒலித்தது. தடை புறத்திலிருந்து வந்தது. கருவியோ தன்னை வைத்திருந்தவரின் பக்கம் நின்றது. மின்னோட்டம் எங்கிருந்து வருகின்றது என்றோ, நாடா யாருடையது என்றோ அது வினவவில்லை. ஒரு பொருள் மனிதனுக்குப் பணிதல் என்பதன் முழுப்பொருளையும் இந்நிகழ்வு உணர்த்துகின்றது எனலாம்.

இதற்கு மாறானதொரு அமைப்பு அடுத்த பத்தாண்டில் தோன்றியது. அப்பிள் நிறுவனம் 2001 ஒக்டோபர் 23இல் ஐபொட் கருவியை அறிமுகஞ் செய்தது. சட்டைப்பையில் ஆயிரம் பாடல்கள் என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. இக்கருவி தனித்து நிற்பதன்று. ஐரியூன்ஸ் என்னும் மென்பொருளின் வழியாகவே அதனுள் பாடல்கள் செல்லும். கணினியிலுள்ள பாடற் களஞ்சியத்தின் நிழலாகவே கருவி கருதப்பட்டது. தானியங்கும் முறையில், களஞ்சியத்தில் ஒரு பாடல் நீக்கப்பட்டால் அடுத்த இணைப்பின்போது கருவியிலும் அது நீங்கும். பாடல்கள் கணினியிலிருந்து கருவிக்குச் செல்லுமேயன்றிக் கருவியிலிருந்து கணினிக்கு மீள்வதற்கு அம்மென்பொருள் இடந்தரவில்லை. 2006ஆம் ஆண்டில் வெளியான ஏழாம் பதிப்பே அவ்வழியைச் சிறிது திறந்தது. அதுவும் அந்நிறுவனத்தின் கடையில் வாங்கப்பட்ட பாடல்களுக்கு மட்டுமே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரொறன்ரோவில் வாழும் தமையன் ஒருவன் தன் கருவியில் பழைய பாடல்கள் பலவற்றை நிரப்பி, உயிலங்குளத்திலுள்ள தம்பிக்கு அனுப்பிவைக்கின்றான் எனக் கொள்க. தம்பியிடம் ஊர்க்கூத்தின் ஒலிப்பதிவு ஒன்று கணினியில் உண்டு. அதனையும் கருவியிற் சேர்க்க விரும்பி அவன் இரண்டையும் இணைக்கின்றான். இக்கருவி வேறொரு களஞ்சியத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது, இதிலுள்ளவற்றை அழித்துவிட்டுப் புதியவற்றை ஏற்றலாமா என்னும் வினா திரையில் எழுகின்றது. தமையனின் பாடல்கள் வேண்டுமாயின் கூத்தைக் கைவிட வேண்டும். கூத்து வேண்டுமாயின் தமையனின் பாடல்களை இழக்க வேண்டும். கொடுத்தவன் மனமுவந்து கொடுத்தான். பெற்றவன் மகிழ்ந்து பெற்றான். விலை முழுவதும் செலுத்தப்பட்டது. இரண்டும் ஒருங்கே இருத்தலாகாது என விதித்தவர் அவ்விருவரையும் அறியாதவர். அவ்வூரின் பெயரையும் கேளாதவர். அக்கருவி யாருடையது என்னும் வினா அவ்விடத்திலேதான் பிறக்கின்றது.

இச்செயன்முறைக்குத் தமிழில் ஒத்திசைவு என்னும் பெயர் வழங்குகின்றது. இசையுலகில் ஒத்திசைவு என்பது ஒருவரையொருவர் செவிமடுக்கும் இருவருக்கிடையே நிகழ்வது. பாடுபவர் இறங்கினால் மத்தளம் இறங்கும். மத்தளம் விரைந்தால் பாடுபவர் விரைவார். மென்பொருளின் ஒத்திசைவிலோ ஒருபுறம் ஆணையிடுகின்றது. மறுபுறம் அழித்துக்கொண்டு கீழ்ப்படிகின்றது. இரண்டையும் சமனாக்குதல் என்னும் பெயரில் ஒன்றை மற்றொன்றின் நகலாக்குதலே நிகழ்கின்றது. பாடல்களை வரிசைப்படுத்தும் முறையிலும் இத்தகைய ஆணை உண்டு. தமிழ்த் திரைப்பாடலைக் கேட்போர் அதனைப் படத்தின் பெயராலும், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்களாலும் நினைவிற் கொள்வர். கருவியோ மேனாட்டு வழக்கையொட்டிக் கலைஞர், தொகுப்பு என்னும் அறைகளுக்குள் அவற்றை அடைக்கின்றது. பெயரறியாப் பாடல்களை இலக்கங்களாக்குகின்றது. பழைய கருவிகள் பலவற்றிலே தமிழெழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தோன்றின. ஒருவர் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுப் பெயர்களைத் திருத்தி அமைத்த ஒழுங்கும், ஒரு பிழையான இணைப்பினால் நொடியில் மறையக்கூடும். உழைப்பைக் கலந்ததனாலேயே ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாகின்றது என 17ஆம் நூற்றாண்டில் ஜோன் லொக் வாதித்தார். அவ்வாதத்தை ஏற்பின், இவ்விடத்து இழக்கப்படுவது வெறும் வசதியன்று, ஒருவருடைய உழைப்பேயாகும்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. முதலாவது, படைப்பாளியின் உரிமை பற்றியது. 1999இல் தோன்றிய நப்ஸ்ரர் என்னும் இணையச் சேவை, விலையின்றிப் பாடல்களைப் பரிமாறும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. 2001இல் நீதிமன்ற ஆணையால் அது நிறுத்தப்பட்டது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ஊதியத்தைக் காக்கவே பூட்டுகள் தேவைப்பட்டன என்பர். இவ்வாதத்தில் அறம் உண்டு. ஆயினும் பூட்டின் பாரம் யார்மேல் விழுந்தது என நோக்குதல் வேண்டும். 2003 ஏப்ரிலில் திறக்கப்பட்ட ஐரியூன்ஸ் இசைக்கடையிற் பணங்கொடுத்து வாங்கியவருக்கே, ஐந்து கணினிகளுக்கு மேல் அப்பாடலை இயக்கலாகாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் வாய்த்தன. பணங்கொடாது பெற்றவருக்கு எக்கட்டுப்பாடும் இருக்கவில்லை. நேர்மையாளரை ஐயுற்று ஏனையோரை விட்டுவிடும் காவலை நீதியான காவல் எனல் அரிது. 2007 பெப்ரவரியில் ஸ்ரீவ் ஜொப்ஸ் தாமே வெளியிட்ட திறந்த மடலில், பூட்டுகளின்றிப் பாடல்களை விற்க இசை நிறுவனங்கள் உடன்பட வேண்டும் என வேண்டினார். 2009இல் அக்கடையின் பாடல்கள் பூட்டு நீக்கப்பெற்றன. எனினும் கருவியை ஒரே களஞ்சியத்தோடு பிணைக்கும் முறை அதன்பின்னும் நீடித்தது. படைப்பாளியின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட கட்டுப்பாடுகளுள் ஒரு பகுதி படைப்பாளிக்குரியதன்று என்பது இதனாற் புலனாகும்.

ஈண்டு ஓர் ஒப்புமையையும் அதன் எல்லையையும் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டபின், இருதரப்பு ஆட்சிப் பகுதிகளுக்கிடையே மக்கள் கடந்துசெல்லும் வாயில்களுள் ஒன்றாக உயிலங்குளம் விளங்கியது. தன்னுடைய பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்பவர், அது தன்னுடையதுதான் என்பதைப் பிறர்முன் மெய்ப்பிக்க வேண்டியிருந்த இடம் அது. மென்பொருளின் வாயிலை அவ்வாயிலோடு சமப்படுத்துதல் துன்புற்றோரை அவமதிப்பதாக முடியும். ஓரிடத்தில் உயிரும் வாழ்வும் பணயமாயிருந்தன, மற்றோரிடத்திற் பாடல்கள் மட்டுமே. ஆயினும் சோதனைச் சாவடியை எல்லோரும் சாவடி என்றே அறிந்திருந்தனர். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதனை எதிர்த்தும் பேச முடிந்தது. மென்பொருளின் சாவடி உதவி என்னும் பெயரில் வருவதனால் அதற்குப் பெயரிடுவதே அரிதாகின்றது.

இரண்டாவது வாதம் பற்றின்மை சார்ந்தது. எரிக் புரோம் 1976இல் வெளியிட்ட நூலில் உடைமைகொள்ளும் வாழ்வையும் உளதாயிருக்கும் வாழ்வையும் வேறுபடுத்தி, முன்னையது மனிதனை வறியனாக்குகின்றது எனக் காட்டினார். இந்திய மெய்யியல் மரபுகள் பலவும் பற்றறுத்தலைப் போற்றுவன. அவ்வாறாயின், பாடல்கள் கையை விட்டுப் போவதற்கு வருந்துதல் அறிவுடைமையாகுமா என வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் பற்றறுத்தல் என்பது தானாக விடுதல். பறிக்கப்படுதல் அதனுள் அடங்காது. மேலும், தமிழ்மரபு உடைமையை மதித்தது பெரும்பாலும் ஈதலுக்கு அது முன்நிபந்தனையாக இருப்பதனாலேயே. தனக்கு உரியதல்லாததை ஒருவர் ஈய இயலாது. மேற்கூறிய தமையனின் கொடை முறிந்ததும் இதனாலேதான். அவன் கருவியைக் கொடுத்தான்; அதனுள் இருந்தவற்றின்மீது தம்பிக்கு முழு ஆட்சியையும் அளிக்கும் வல்லமை அவனிடம் இருக்கவில்லை. உடைமையின் உண்மையான உரைகல் அனுபவித்தலைவிட ஈதலே எனக் கொள்ளின், ஈய முடியாத பொருள் உடைமையாகாது என்பது பெறப்படும்.

ஈதலோடு நெருங்கிய தொடர்புடையது படியெடுத்தல். பனையோலையின் ஆயுள் குறுகியது. மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டவையே எஞ்சின. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பிக்க முடிந்தமைக்கு, பெயரறியாத பலர் பல தலைமுறைகளாகப் படியெடுத்து வைத்தமையே அடிப்படை. மன்னார்ப் பகுதியில் வழங்கிய எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசர் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் பேராசிரியர் சு. வித்தியானந்தனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சேறின. அவ்வேடுகள் ஒவ்வொன்றும் ஒரே பேழையோடு பிணைக்கப்பட்டு, வேறு பேழையில் வைத்ததும் எழுத்துகள் அழியுமாறு அமைந்திருப்பின் அவை அச்சுவரை வந்திரா. இக்கருத்து உயிலங்குளம் போன்ற ஊர்களுக்குப் பெரிதும் பொருந்தும். 2007 முதல் 2009 வரையான காலத்தில் மாந்தைப் பகுதி மக்கள் பலர் கிழக்கு நோக்கி மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடுவோர் ஒலிநாடாப் பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. அத்தகைய வேளையில் ஒரு குரல் எஞ்சுவதாயின், முன்னரே யாருக்கோ படியெடுத்துக் கொடுக்கப்பட்டதனாலேயே எஞ்சும். கொடுத்ததே காக்கப்பட்டது என்பது அங்கு வெறும் அறவுரையன்று, நடைமுறை உண்மை.

பிளேட்டோ எழுதிய பீட்ரஸ் உரையாடலிலே, எழுத்துக் கலை மனிதரின் நினைவாற்றலைத் தளரச் செய்யும் என்னும் அச்சத்தைச் சோக்கிரதீஸ் ஒரு பழங்கதையின் வாயிலாக வெளியிடுகின்றார். எழுத்தேனும் எழுதியதை அப்படியே வைத்திருந்தது. இக்காலக் கருவி நினைவைப் பெற்றுக்கொள்வதோடு அமையாது, எதனை நினைவில் வைக்கலாம் என்பதையும் தானே தீர்மானிக்கின்றது. 2019இல் அப்பிள் தன் கணினிகளில் ஐரியூன்சைப் பிரித்து வெவ்வேறு மென்பொருள்களாக்கியது. 2022 மே மாதத்தில் ஐபொட் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இப்பொழுது பாடல்கள் பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்கோ விளம்பரத்துக்கோ ஈடாக இணையத்தின்வழி வருகின்றன. அழிக்கலாமா என்று கேட்ட பழைய மென்பொருளாவது கேட்டது. இன்றைய சேவைகளில் நேற்றிருந்த பாடல் இன்று கேளாமலே மறைவதுண்டு. கட்டுப்பாடு குறைந்ததுபோலத் தோன்றுவது, கட்டுப்படுத்தப்படுவதற்குக் கையில் ஒன்றும் எஞ்சாமையினாலேயாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒரு பொருள் ஒருவருக்கு உரியது எனக் கூறுவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும் எனலாம். அதன் இயக்கத்தை அவர் அறியவும் பழுதுபார்க்கவும் இயலவேண்டும். பிறர் அனுமதியின்றி அதனை ஆளவேண்டும். விரும்பியவருக்கு முழுமையாக ஈயவேண்டும். மிதிகட்டையைச் சுற்றி இயக்கப்பட்ட ஒலிநாடாக் கருவி பொருளாதார நெருக்கடியின் நடுவிலும் இம்மூன்று தகுதிகளையும் கொண்டிருந்தது. அதனிலும் பன்மடங்கு நுட்பமான கருவி, தடையெதுவும் இல்லாத காலத்தில் அவற்றை இழந்துநின்றது. நுட்பத்தைக் கைவிட்டு நாடாவுக்கு மீளுதல் இதற்குத் தீர்வாகாது. பயன்படுத்துவோர் வாங்கும்பொழுது விலையை மட்டுமன்றி இம்மூன்றையும் வினவுதலும், தம் ஊரின் குரல்களை எங்கும் திறக்கத்தக்க வடிவிற் பதிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்து, வேண்டுவோருக்குப் படியெடுத்துக் கொடுத்தலும் இன்று இயலக்கூடிய செயல்களாகும். பல்கலைக்கழகங்களும் அவற்றின் தமிழ்ச் சங்கங்களும் மாதோட்டத்துக் கூத்திசையை அவ்வாறு பேண முன்வருமாயின், அடுத்த தலைமுறை அதனைக் கேட்பதற்கு எந்த மென்பொருளின் இசைவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.