சீனியும் கருப்பட்டியும்

ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் எத்தனை படித்தேன் என்று சிறுபத்திரிகை நண்பர்கள் எவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். உடன்குடி பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிய பாக்கெட் நாவலை க.நா.சு.வின் விமர்சன நூலுக்குள் செருகி வீடு கொண்டு சேர்த்தவன் நான். (க.நா.சு. இதற்குச் சிரித்திருக்கவும் கூடும்.)

விட்கன்ஸ்டைன் அமெரிக்கத் துப்பறியும் பத்திரிகைகளை விரும்பிப் படித்தார், மறைக்கவில்லை. துப்பறியும் கதை தனக்குப் புகையிலை, மது போன்றதொரு பழக்கம் என்று ஆடன் 1948இல் எழுதியே வைத்தார். நம்மிடையே மட்டும் இது ஜாதிப் பிரஷ்டம் செய்யத்தக்க குற்றம். சுஜாதாவின் ‘கணையாழி’ கடைசிப் பக்கத்தைப் பகிரங்கமாகவும் ‘குமுதம்’ கணேஷ்-வசந்தைத் திருட்டுத்தனமாகவும் படித்தோம். எழுதிய கை ஒன்றுதான்.

கருப்பட்டியில் சீனி கலப்பது எங்கள் பக்கத்துப் பழைய தந்திரம். நாக்கு அறிந்தவன் ஒரு துண்டு கடித்ததுமே துப்பிவிடுவான். அவனே டீக்கடையில் சீனி போட்ட டீயை ஊதி ஊதிக் குடிப்பான். அதில் முரண் எதுவும் இல்லை. சீனி, சீனியாக விற்கப்படும்வரை அதன்மேல் வழக்கு கிடையாது. பாக்கெட் நாவல் தன்னை வேறெதுவாகவும் சொல்லிக்கொண்டதில்லை. நம் கோபம் போய்ச்சேர வேண்டியது, லட்சியத்தையும் கண்ணீரையும் கலந்து, இலக்கியம் என்ற சிரட்டையில் வார்த்து வாராவாரம் விற்கப்பட்ட தொடர்கதைகளிடம்.

இப்படி வாதாடி என்னை நான் விடுவித்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஓர் இரவு. பையில் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ இருந்தது, ஒரு பாக்கெட் நாவலும் இருந்தது. முன்னதில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் அம்மாவின் மூச்சுச் சத்தம் குறுக்கே வந்தது. புத்தகத்தின் மேல்தான் எரிச்சல் பட்டேன். அது என்னை அந்தக் கட்டிலருகே இருக்கவிட்டது என்று அப்போது படவில்லை. பின்னது என்னை முழுசாக எடுத்துக்கொண்டது. மூச்சுச் சத்தம் இல்லை, மருந்து நெடி இல்லை. கொலைகாரன் அகப்படப் போகிற இடத்தில், அம்மா தண்ணீர் கேட்டாள். எழுந்து கொடுத்தேன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் சொன்னாள்: “அவங்க முன்னாலயே ரெண்டு தடவ கேட்டாங்கல்லா. நீங்கதான் படிச்சிட்டு இருந்தீங்க.”

நாவலில் இன்னும் 11 பக்கம் பாக்கி. முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.