எடைக் கணக்கு

விருத்தாசலத்தில் களிமண் கூழை அச்சில் ஊற்றிப் பீங்கான் பொம்மை செய்யும் பெண்கள், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்? ஐம்பதுக்கு மேல் பெண்கள் உள்ள ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பிடம் வேண்டும் என்றது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். 1976ல் அந்த ஐம்பதை முப்பதாக்கினார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதனால் என்ன லாபம்? 1975ல் வந்த அங்கன்வாடித் திட்டம்தான் கதி.

அப்படி ஓர் அங்கன்வாடியில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் வரும் நாள். டீச்சரம்மாள் ஒரு பிள்ளையை எடை போட்டார், குறைவு. உள்ளதை எழுதினால், 'உன் மையத்தில் மட்டும் ஏன் இப்படி?' என்று கேள்வி வரும். கூட்டி எழுதினால் மையத்துக்கு நல்ல பேர். பிள்ளைக்குச் சேரவேண்டிய கூடுதல் சத்துணவு போச்சு! பதிவேடு போதாதென்று 2021 முதல் செல்போனிலும் ஏற்றவேண்டும். இதற்குள் மூலையில் இன்னொன்று வீரிட்டு அழுகிறது.

சோதனையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய் பட்டறையில் இருக்கும்போது, பேசத் தெரியாத பிள்ளைக்காகக் கேட்க ஒருவர் வேண்டாமா? என் வழக்கு வேறு. உண்மையை எழுதியவளைக் குற்றவாளியாக நிறுத்துகிற சோதனை பொய்யைத்தானே பழக்கும்? எடை குறைந்ததற்கு அவளா காரணம்? தாயின் கூலி எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலாவது ஒரு கட்டம் உண்டா?

டீச்சரம்மாள் பேனாவைப் பிடித்தபடி சற்று யோசித்தார். பிறகு உள்ளதையே எழுதிவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். மேற்பார்வையாளர் வரும்வரை நான் இருக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.